காயாத போத்தல்

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், அக்காவின் சமையலறை மேடைமேல் நாலு பால் போத்தல்கள் தலைகீழாக நின்றிருந்தன. முதல் நாள் ராத்திரி கழுவி வைத்தவை. காலையில் பாட்டி அதில் ஒன்றை எடுத்து சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே, அடிப்பக்கம் முழுக்க மெல்லிய பனி மாதிரி ஈரம்.

“இன்னும் காயலயே கண்ணு. இதுலயா புள்ளைக்கு ஊத்தப் போற?”

“நல்லாத்தான் கழுவுனேன் பாட்டி. அந்தத் தண்ணி போவே மாட்டேங்குது.”

பாட்டி போத்தலைக் கீழே வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாதது மாதிரிச் சொன்னார்: “கழுவத் தெரியலன்னுதான் எங்களையும் சொன்னாங்க.”

பாட்டிக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. கிள்ளானுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, பிறகு டவுனுக்கு வந்தவர். அவருடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுப்போக்கில் இறந்துபோனது. அன்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்த டிரெஸர் ஒரே வார்த்தைதான் சொன்னாராம்: போத்தலை ஒழுங்காகக் கழுவத் தெரியாத பொம்பளைங்க. அந்த ஒரு வார்த்தையைப் பாட்டி எழுபது வருஷமாகச் சுமந்துகொண்டிருக்கிறார் என்பது அன்று காலைதான் எனக்குத் தெரிந்தது.

கழுவிய போத்தல் ஏன் காய்வதில்லை? கேட்டால் சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கான பதில் பௌதிகத்தில் தொடங்கி, மலாயாவின் பால் வியாபாரம், தோட்டத்துப் பெண்களின் வேலை நேரம், காலனிய மருத்துவம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அந்த வழியில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு சொட்டின் கணக்கு

முதலில் போத்தலுக்குள் நடப்பதைப் பார்த்துவிடுவோம். கண்ணாடிக்குத் தண்ணீர் மேல் ஒட்டுதல் அதிகம். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக உருளாது; மெல்லிய படலமாகப் பரவிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்தான் சொட்டாக நிற்கும். ஆகவே நன்றாகக் கழுவின போத்தலைக் கவிழ்த்து வைத்தாலும் ஒரு படலம் உள்ளேயே தங்கும். அது வெளியேற ஒரே வழி ஆவியாவது.

இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய 27 மில்லிகிராம் நீராவியைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஏற்காது. 250 மில்லிலிட்டர் போத்தலில் உள்ள காற்று நிறைந்துபோக 7 மில்லிகிராம் போதும். ஒரு சொட்டுத் தண்ணீரின் எடை சுமார் 50 மில்லிகிராம். அதாவது, சொட்டில் ஏழில் ஒரு பங்கு ஆவியானதுமே உள்ளே இருக்கும் காற்று, “எனக்குப் போதும்பா” என்று சொல்லிவிடும்.

கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காடு. வெளியிலிருந்து உள்ளே போகும் காற்றே பாதி வயிறு நிறைந்துதான் போகிறது. கணக்குப் போட்டால், ஒரு போத்தல் நிறைய நம் ஊர்க் காற்று புதிதாக ஏற்கக்கூடியது ஒன்றரை மில்லிகிராம்கூட இல்லை. ஒரே ஒரு சொட்டை வெளியேற்ற, உள்ளே இருக்கும் காற்று முழுசாக முப்பத்தைந்து தடவைக்கு மேல் மாற வேண்டும். கழுத்து குறுகலான பாத்திரத்தில் காற்று அவ்வளவு சுலபமாக மாறுமா?

குழாய்க்குள் இருக்கும் நீர் எவ்வளவு வேகத்தில் ஆவியாகி வெளியேறும் என்பதை 1870களில் வியன்னாவில் யோசெஃப் ஸ்டெஃபான் ஆராய்ந்தார். நீர்மட்டத்துக்கும் குழாயின் வாய்க்கும் உள்ள தூரம் கூடக் கூட, ஆவி வெளியேறும் வேகம் அதே விகிதத்தில் குறைகிறது என்று கண்டார். காற்று அசையாத இடத்தில் நீராவி நடந்துதான் போக வேண்டும். அதுவும் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு போகிற நடை. பாதை நீளமாக நீளமாகத் தாமதம்; வாசல் ஒடுங்க ஒடுங்க வெளியே வருகிற அளவும் குறைவு.

இரண்டு சென்டிமீட்டர் அகலமும் ஐந்து சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு போத்தல் கழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். 28 டிகிரி, 80 விழுக்காடு ஈரப்பதம், காற்று அசைவே இல்லை. ஸ்டெஃபானின் வழியில் கணக்கிட்டால் ஒரு சொட்டு வெளியேற ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. அதே போத்தலை, அதே வெப்பத்தில், ஈரப்பதம் 40 விழுக்காடு உள்ள ஓர் ஊரில் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் போதும். காற்று கொஞ்சம் அசைந்தால் இரண்டும் குறையும். விகிதம் மட்டும் பெரிதாக மாறாது. ராத்திரி எட்டு மணிக்குக் கழுவிய போத்தல் விடியற்காலை நாலு மணிக்குக் காய்ந்திருக்க வேண்டும் என்பது வறண்ட ஊர்க்காரர்களின் நினைப்பு.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நீராவி காற்றைவிட லேசானது. நீர் மூலக்கூறின் எடை 18, காற்றின் சராசரி 29. ஆகவே போத்தலைக் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் கீழே வடியும், ஆனால் ஈரக்காற்று மேலே ஏறி அடிப்பக்கத்தில் மாட்டிக்கொள்ளும். அக்காவின் போத்தலில் பாட்டி பார்த்த பனி அதுதான். முதலில் கவிழ்த்து வடியவிட்டு, பிறகு நிமிர்த்தி வைப்பதுதான் முறை.

சீக்கிரம் காயவைக்க உறுதியான வழி சூடு. 90 டிகிரியில் நீரின் ஆவி அழுத்தம், 28 டிகிரியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய 18 மடங்கு. கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்த போத்தல், கண்ணாடியின் சூட்டிலேயே நிமிஷங்களில் காய்ந்துவிடும். ஆக, காய்ந்த போத்தல் வேண்டுமென்றால் விறகு வேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். இந்த மூன்றும் யாரிடம் இருந்தன என்பதை அப்புறம் பார்ப்போம்.

போத்தல்களுக்கு ஒரு கெட்ட பெயர்

ஈரம் இருந்தால் என்ன என்று கேட்கலாம். வெறும் தண்ணீர் என்றால் ஒன்றுமில்லை. பால் இருந்த போத்தலில் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பும் சர்க்கரையும் கழுத்தின் வளைவில் ஒட்டியிருக்கும். அதனுடன் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குப் பந்தி விரித்த மாதிரிதான். ஈ.கோலை பாக்டீரியா, நல்ல உணவும் 37 டிகிரி வெப்பமும் கிடைத்தால் 20 நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நம் ஊர் வெப்பத்தில் அதில் பாதி வேகம் என்றே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் பன்னிரண்டு முறை இரட்டிப்பாகி, ஒன்று 4,096 ஆகும். பாத்திரம் காய்ந்துவிட்டால் பெரும்பாலான வயிற்றுப்போக்குக் கிருமிகளால் பெருக முடியாது. காய்வது அழகுக்கான விஷயமில்லை.

இதை ஐரோப்பா பட்டுத்தான் தெரிந்துகொண்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஒருவகைப் பால் போத்தல் பிரபலமாக இருந்தது. தட்டையான கண்ணாடி உடல், குறுகிய கழுத்து, அதற்குள்ளிருந்து வெளியே வரும் நீண்ட ரப்பர் குழாய், அதன் முனையில் காம்பு. குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, போத்தலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அம்மா தன் வேலையைப் பார்க்கலாம். டென்மார்க்கிலிருந்து வந்த இளவரசியின் பெயரில் ‘அலெக்சாண்ட்ரா’ என்றெல்லாம் விற்றார்கள். அந்தக் குழாயைக் கழுவவும் முடியாது, காயவைக்கவும் முடியாது. குழந்தைகள் சாகச் சாக, மருத்துவர்கள் அதற்குக் ‘கொலைகார போத்தல்’ என்று பெயர் வைத்தார்கள். பிரான்ஸ் 1910இல் சட்டம் போட்டு அதன் விற்பனையைத் தடை செய்தது.

பிறகு வந்தது படகு வடிவப் போத்தல். இரண்டு முனையிலும் வாய். குழாயடியில் பிடித்தால் தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் ஓடும். காற்றும் அப்படியே. லண்டனின் ஆலன் அண்ட் ஹான்பரிஸ் நிறுவனம் தயாரித்த ‘ஆலன்பரிஸ்’ போத்தல் இந்த வகையில் பேர்போனது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில், சூடு தாங்கும் கண்ணாடியில் அகன்ற வாய்ப் போத்தல்கள் பரவலாகின. இன்று அக்கா வீட்டில் இருப்பவை இவற்றின் வழிவந்தவைதான்.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. போத்தலில்தான் குறை என்று ஒப்புக்கொண்டபோது, ஐரோப்பா போத்தலை மாற்றியது.

தகரத்தில் வந்த பால்

நம் பக்கம் போத்தலோடு கூடவே வந்தது டின் பால். அமெரிக்கரான கேல் போர்டன் 1856இல் பாலைச் சுண்டவைத்துக் கெட்டியாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1866இல் சுவிட்சர்லாந்தின் சாம் என்ற ஊரில் ஆங்கிலோ-சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி தொடங்கியது. 1905இல் அது நெஸ்லேயோடு இணைந்தது. 1912இல் அந்தக் கம்பெனி பினாங்கில் கடை விரித்து, 1939இல் கோலாலம்பூருக்கு மாறியது. 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் முதல் தொழிற்சாலை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்றும் ஒட்டுக்கடையில் தே கலக்கும்போது விழும் கெட்டிப்பாலுக்குப் பின்னால் இப்படி ஒரு வம்சாவளி இருக்கிறது.

கெட்டிப்பால் தகரத்துக்குள் இருக்கும்வரை கெடாது. அதில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. அவ்வளவு சர்க்கரை இருக்கும் இடத்தில் கிருமிக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. அதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துப் போத்தலில் ஊற்றிய நிமிஷத்தில் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. குளிர்பெட்டி இல்லாத ஊரில் கெடாத பால் என்று விற்கப்பட்ட பொருள், குழந்தையின் வாய்க்குப் போகும் வடிவத்தில் மற்ற பாலைப் போலவே கெடக்கூடியது. போதாதற்கு, கரைத்த கெட்டிப்பாலில் குழந்தைக்குத் தேவையான கொழுப்பும் வைட்டமினும் குறைவு, சர்க்கரை அதிகம். குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். தாங்கும் சக்தி இருக்காது.

அம்மாக்கள் ஏன் அதை வாங்கினார்கள்? விளம்பரத்தில் மயங்கினார்கள் என்று சொல்வது சுலபம். பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் வேண்டுமானால் அது ஓரளவு சரியாக இருக்கலாம். தோட்டத்தில் காரணம் வேறு.

ஆயாக் கொட்டகை

விடியுமுன் பெரட்டு. இருட்டில் லயத்துக்கு வெளியே வரிசையாக நின்று பேர் கொடுக்க வேண்டும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் வெட்டு விடிகாலையிலேயே தொடங்கிவிடும். வெட்டி முடித்து, பால் எடுத்து, காண்டாவில் சுமந்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும்போது உச்சி நெருங்கியிருக்கும். பால் சுரக்கும் தாய்மார்கள் மரத்தின் பாலை எடுக்கக் காட்டுக்குள் போக, கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடந்தன.

பாட்டி சொன்னது: “ஒரு ஆயா. இருவது புள்ளைங்க. ஏணை வரிசையா தொங்கும். எல்லா போத்தலும் ஒரே மாதிரி இருக்கும்ல, அதனால கழுத்துல கலர் நூல் கட்டிக் குடுப்போம். எனக்குப் பச்ச நூலு. சில பேருக்குப் பால் போத்தல் வாங்கக் காசில்ல. மருந்துப் போத்தல்ல ரப்பர் காம்பு மாட்டிக் குடுப்பாங்க.”

“எப்படிக் கழுவுவீங்க பாட்டி?”

“அரிசி போட்டுக் குலுக்குவோம். கல்லுப்பு போடுவோம். கைதான் உள்ள போவாதே. வெள்ளனா நாலு மணிக்கு எந்திரிச்சு சுடுதண்ணி காயவச்சா, அதுல டீ போடவா, புள்ளையக் குளிப்பாட்டவா, போத்தல்ல ஊத்தவா?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மேலே நாம் போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள். ராத்திரி கழுவிய மருந்துப் போத்தல் விடியலில் காய்ந்திருக்க வழியே இல்லை. அந்த ஈரத்தின் மேலேயே பால் ஊற்றப்படுகிறது. பால் ஊற்றிய போத்தல் கொட்டகையின் தகரக் கூரைக்கு அடியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. அரிசியும் உப்பும் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் இந்த வரிசையில் ஒரு கண்ணியைக்கூட ஒரு பெண் தனியாக அறுத்துவிட முடியாது.

1957இல், சுதந்திரம் கிடைத்த வருஷம், மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதைத் தாண்டவில்லை. எல்லாச் சாவுக்கும் போத்தல் காரணமில்லை. மலேரியா, நிமோனியா, ஊட்டக்குறைவு என்று பட்டியல் நீளும். ஆனால் போத்தல் காரணமாக இருந்த இடத்தில், குற்றப்பத்திரிகையில் எழுதப்பட்டது போத்தலின் பெயர் அல்ல.

கால்வாய் வெட்டியவர்களும் பாடம் சொன்னவர்களும்

கிள்ளானுக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு பெருமை உண்டு. 1901இல் மால்கம் வாட்சன் என்ற இளம் மருத்துவர் இங்கே மாவட்ட மருத்துவராக வந்தார். ஊர் முழுக்க மலேரியா. அதே ஆண்டு செப்டம்பரில் திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹம் துறைமுகத்திலும் வேலையாட்கள் காய்ச்சலில் விழுந்துகொண்டிருந்தார்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் கண்டறிந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டச் சொன்னார். பள்ளங்களைத் தூர்க்கச் சொன்னார். காட்டை விலக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே காய்ச்சல் விழுந்தது. உலகின் ஆரம்பகால மலேரியா ஒழிப்பு வெற்றிகளில் ஒன்றாகக் கிள்ளான் இன்றும் பேசப்படுகிறது.

அவர் காய்ச்சல்காரனைப் பார்த்து, “நீ ஏன் கொசுக்கடி வாங்கினாய்?” என்று கேட்கவில்லை. தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்டார். தேங்கும் இடத்தை மாற்றினார்.

குழந்தைச் சாவு விஷயத்தில் அதே நிர்வாகம் அதே கேள்வியைக் கேட்கவில்லை. காலனிய மலாயாவின் சுகாதார வரலாற்றை விரிவாக ஆராய்ந்த லெனோர் மாண்டர்சன் இதைக் காட்டுகிறார்: குழந்தைச் சாவுகளுக்குத் தாயின் அறியாமையே காரணம் என்ற பார்வை அதிகாரிகளிடம் ஊறிப்போயிருந்தது, ஆகவே தீர்வும் தாய்க்குப் பாடம் நடத்துவதாகவே அமைந்தது. குழந்தை நல நிலையங்கள் திறக்கப்பட்டன. நர்ஸ்கள் வந்தார்கள். அவர்களால் நன்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன்; பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். ஆனால் பெரட்டு நேரத்தை மாற்றச் சொல்லும் அதிகாரம் எந்த நர்ஸிடமும் இல்லை.

நேரத்தைக் கேட்டவர்கள் வேறு ஆட்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. பாட்டிக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடுவது, துரையின் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்காமல் போகும் உரிமை என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றில் மூன்று நம் கதைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டவை: பத்து, பன்னிரண்டு மணி நேர வேலைக்கு முடிவு, முறையான மருத்துவ வசதி, தோட்டத்துப் பெண்கள் சீண்டப்படுவதை நிறுத்துவது. அரசு பட்டாளத்தைக் கொண்டுவந்தது. சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். நாதன் மே மாதம் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் கோரிக்கைகளைக் கூலிப் பிரச்சினையாக மட்டும்தான் இதுவரை படித்திருக்கிறேன். ஒரு போத்தலைக் கொதிக்கவைக்கத் தேவையான அரை மணி நேரமும் அதற்குள் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

‘பாலும் கொலையும்’

மருத்துவர்களிலேயே ஒருவர் வேறு மாதிரிப் பேசினார். சிசிலி வில்லியம்ஸ், 1893இல் ஜமைக்காவில் பிறந்தவர். கோல்ட் கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில் வேலை செய்தபோது, ‘குவாஷியோர்கர்’ என்ற ஊட்டக்குறைவு நோயை 1933இல் மருத்துவ உலகுக்கு விவரித்தவர். அந்தப் பெயரைக்கூட அவர் உண்டாக்கவில்லை. அவ்வூர்த் தாய்மார்கள் வழங்கிய சொல்லையே எடுத்துக்கொண்டார். தாய் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் மருத்துவர் என்பதற்கு அதுவே சாட்சி.

1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கே கண்டது, தாய்ப்பால் தரக்கூடிய பெண்களிடம் டின் பால் விற்கப்படுவதை. கம்பெனிகள் நர்ஸ் மாதிரி உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பின. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. தவறான பால் பிரசாரத்தால் சாகும் குழந்தைகளின் சாவைக் கொலை என்றே கருத வேண்டும் என்று, வியாபாரிகள் உட்கார்ந்திருந்த சபையில் சொன்னார். அதன்பின் ஜப்பானியர் காலத்தில் சாங்கி முகாமில் சிறைப்பட்டு, உயிர் தப்பி, 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். 1992இல் இறந்தார். 1939இன் அந்த உரை 1986இல் சிறு நூலாக மறுபடி அச்சானபோது அதை வெளியிட்டது பினாங்கில் இயங்கிய பயனீட்டாளர் அமைப்பு ஒன்று.

அவர் மூட்டிய நெருப்பு மெதுவாகத்தான் பற்றியது. மலேசியா 1979இல் குழந்தைப் பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்தது. 1981 மே மாதம் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருள்களின் விற்பனைக்கு உலகளாவிய நெறிமுறையை ஏற்றபோது ஆதரவாக 118 நாடுகள், எதிர்த்தது ஒரே நாடு: அமெரிக்கா.

சங்கு

போத்தலுக்கு முன் நம்மிடம் என்ன இருந்தது? சங்கு. பாலாடை என்றும் சொல்வோம். வெள்ளியிலோ பித்தளையிலோ, திறந்த கிண்ணமும் நீண்ட மூக்குமாகக் கைக்கடக்கமாக இருக்கும். பௌதிகக் கண்ணோடு பார்த்தால் அது போத்தலுக்கு நேர் எதிர். ஆழம் இல்லை, கழுத்து இல்லை, மூக்கும் மேலே திறந்தது. நீராவி நடக்க வேண்டிய தூரம் ஒரு விரல்கூட இல்லை. விரலை விட்டுத் துடைக்கலாம், வெயிலில் வைத்தால் வெயில் எல்லா இடத்திலும் படும்.

இன்று இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலாடையில் ஊட்டுவது ஏற்கப்பட்ட முறை. ஆங்கில மருத்துவ இதழ்களிலும் ‘பாலாடை’ என்ற சொல்லையே எழுதுகிறார்கள். போத்தலைவிடக் கிண்ணம் நல்லது, காரணம் கழுவ எளிது என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

இதைப் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். “சங்குல ஊத்துறதுக்கு மடி வேணும்ல. இருவது புள்ளைக்கு ஆயாவுக்கு எத்தன மடி?”

பழமையைக் கொண்டாடக் கிளம்பிய என்னை அந்த ஒரு வாக்கியம் நிறுத்திவிட்டது. சங்குக்கு ஒரு மனுஷி முழுசாக வேண்டும். குழந்தையை ஏந்த ஒரு கை, ஊட்ட ஒரு கை. போத்தலைத் துணிச் சுருளில் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த ஏணைக்குப் போகலாம். போத்தல் நிரப்பியது ஆள் இல்லாத இடத்தை. அந்த ஆளைத் தோட்டம் வாங்கிக்கொண்டது, நாள்கூலிக்கு.

அக்காவின் தொண்ணூற்றெட்டு நாள்

இப்போது ஆயாக் கொட்டகை இல்லை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரம் வெட்டியவர்களின் மகள்கள் 1970களில் சுங்கைவே தொழிற்பேட்டை மாதிரியான இடங்களில் மின்னணுச் சாமான் பொருத்தப் போனார்கள். பேத்திகள் அலுவலகங்களில் இருக்கிறார்கள். குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் சொல்லிவருகிறது. நம் நாட்டின் வேலைவாய்ப்புச் சட்டம் 60 நாளாக இருந்த மகப்பேறு விடுப்பை 2023 ஜனவரி முதல் 98 நாளாக உயர்த்தியது. நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஆறு மாதத்துக்கும் 98 நாளுக்கும் நடுவில் 80 நாளுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் அக்காவின் நாலு போத்தல்களும் நிற்கின்றன.

அவளிடம் குளிர்பெட்டி இருக்கிறது, மின்சாரத்தில் ஓடும் ஸ்டெரிலைசர் இருக்கிறது, போத்தலுக்கு அகன்ற வாய் இருக்கிறது. அவள் குழந்தைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் எல்.ஆர்.டி. பிடித்து வீடு வந்து சேர்ந்து, ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில் நின்று போத்தல் கழுவும்போது, நல்ல அம்மாவா நான் என்ற கேள்வி அவளையும் விடுவதில்லை. அது தோட்டத்திலிருந்து அவளோடு டவுனுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பாட்டிக்கு அந்தச் சொட்டுக் கணக்கை விளக்கினேன். ஸ்டெஃபான் பெயரைச் சொல்லவில்லை. போத்தல் கழுத்தையும், நம் ஊர்க் காற்றையும், பதினாறு மணி நேரத்தையும் மட்டும் சொன்னேன். அரிசி போட்டுக் குலுக்கினாலும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அது காய்ந்திருக்காது என்றேன். முழுக்கக் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இத அப்ப அந்த டிரெஸருக்குச் சொல்ல ஒரு ஆளில்லாம போச்சே” என்றார்.

பிறகு எழுந்து போய், கவிழ்ந்திருந்த போத்தல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, சோறு வெந்துகொண்டிருந்த குக்கருக்குப் பக்கத்தில், சூடு படுகிற மாதிரி வரிசையாக வைத்தார்.